தாய்மாமன் காவலில்

1969 டிசம்பர் 28
பியாஃப்ரா, ஓவெரிக்குத் தெற்கே
(ஊர்ப் பெயர் எழுத அனுமதியில்லை)

அக்கா ஓபியோமாவுக்கு,

நீ என்னோடு பேச்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டுவிடாதே. உன் மகனைப் பற்றிய கடிதம் இது.

எகெனே உயிரோடு இருக்கிறான். என்னிடம்தான் இருக்கிறான். முதலில் இந்த இரண்டையும் படித்துவிட்டு மூச்சு விட்டுக்கொள். மீதி அவ்வளவு நல்ல செய்தியில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பட்டப்பகலில், எங்கள் முகாமுக்கு நடந்தே வந்து சேர்ந்தான். துப்பாக்கி இல்லை. விடுப்புச் சீட்டு இல்லை. ஓர்லு பக்கத்துச் சந்தையில் நைஜீரிய விமானம் குண்டு போட்டது என்று யாரோ சொன்னார்களாம். நீ இருக்கிறாயா போய்விட்டாயா என்று பார்க்கப் பதுங்குகுழியை விட்டுக் கிளம்பிவிட்டான். கூட இருந்தவனிடம்கூடச் சொல்லவில்லை. காட்டு வழியாகவே போயிருந்தால் இரண்டு நாளில் உன்னிடம் வந்திருப்பான், யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான். இந்தப் புத்திசாலி நேராக என் காவல்காரனிடம் வந்து, கேப்டன் மடூக்கா என் தாய்மாமன், அவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

ஏன்டா இங்கே வந்தாய் என்று கேட்டேன். "மாமா வாசலுக்கு வந்தவன யாரு தொடுவா?" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், அக்கா.

போர்முனையை விட்டு ஓடியவனுக்கு ஒரே தண்டனைதான், சுட்டுவிடுவது. அவன் என் ஆள் இல்லை, மேஜர் அகோமோவின் படைப்பிரிவு. ஆனால் பிடிபட்ட இடத்து அதிகாரியே விசாரித்து முடித்துவிடலாம் என்று இப்போது புது உத்தரவு வந்திருக்கிறது. ஆக, நான்தான் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். என் பங்கு மரவள்ளியில் பாதி அவனுக்கு. நன்றாகத் தூங்குகிறான்.

இதைக் கொண்டுவருகிறவன் சில்வனஸ், நிவாரண லாரி ஓட்டுகிறவன். பதிலை அவனிடமே கொடு. கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். பார்த்து எழுது.

உன் தம்பி
மடூக்கா


1969 டிசம்பர் 31
உமுசிகே, ஓர்லு அருகே

மடூக்கா,

அடுப்பில் போடலாம் என்றுதான் எடுத்தேன். மகன் பெயர் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது, நீ தப்பித்தாய்.

சந்தையில் குண்டு விழுந்தது உண்மை. நான் அன்று கஞ்சித் தொட்டியில் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன், அதனால் இருக்கிறேன். இதை அவனிடம் சொல்.

அவனை ராணுவத்துக்குக் கூட்டிப்போனது யார்? இஸ்திரி போட்ட சீருடையில் வந்து, "அக்கா, இவன என்னோட அனுப்பு, என் கண்ணு முன்னாடியே வச்சிக்கறேன்"னு சொன்னது யார்? வடக்கே கானோ கலவரத்தில் அவன் அப்பாவை வெட்டிப் போட்டபோது, இவனைத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒளித்து ரயிலேற்றிக் கொண்டுவந்தவள் நான். பதினாறு வயதுப் பிள்ளையை ஒளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, கால் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். அப்படிக் கொண்டுவந்த பிள்ளையை உன் கையில் கொடுத்தேன். நீ நாலு மாதம் வைத்துவிட்டு வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டாய். மேலிடத்து உத்தரவு என்றாய். உனக்கு எப்போதும் ஒரு மேலிடம் கிடைத்துவிடுகிறது.

சண்டை போட எனக்கு இன்று தெம்பில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எகெனே ஏழு வயதில் லீவுக்கு வந்து நம் அப்பாவின் பனை எண்ணெய்ப் பானையை உடைத்தான். வருஷத்து எண்ணெய் மொத்தமும் முற்றத்தில் ஓடியது. நீ பிரம்பை எடுத்தாய். அப்பா அதைப் பிடுங்கி இரண்டாக முறித்தார். "இந்த வீட்டுப் பொண்ணு பெத்த பிள்ள மேல இந்த வீட்டு ஆம்பள கை ஓங்கக் கூடாது. ஓங்கினா மண்ணு பொறுக்காது"ன்னார். பக்கத்து வீட்டில் கொலை செய்துவிட்டு வந்தவன்கூட அம்மாவின் பிறந்தகத்தில் பத்திரமாக இருப்பான், அது நம் வழக்கம். அதை நம்பித்தான் அவன் உன் வாசலுக்கு வந்திருக்கிறான்.

ஆகையால் நீ அவனுக்கு நீதிபதியாக உட்காராதே. உன் கை அவன் மேல் படக்கூடாது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், காரணம் உனக்கே தெரியும். நான் என்ன கேட்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும்.

ஓபியோமா


1970 ஜனவரி 4

அக்கா,

நீ எழுதாததும் புரிந்தது.

ஆனால் நீ என் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார். நவம்பரில் என் படைக் கம்பெனியில் இருவர் ஓடினார்கள். ஒருவன் பெயர் ஒனுவோஹா. கள் இறக்குகிறவன், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். மனைவிக்குப் பிரசவம் என்று போனான், நான்காம் நாள் அவனே திரும்பியும் வந்துவிட்டான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் தண்டனையை நிறைவேற்றினோம். நான் அங்கே நின்றேன், முகத்தைத் திருப்பவில்லை, திருப்பினால் ஆட்கள் என்னை மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவனுடைய தம்பி இன்னும் என் கம்பெனியில் இருக்கிறான். எனக்குக் காலையில் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவருவது அவன்தான். நேற்று வாளியை வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "கேப்டன், இவருக்கு எப்போ?"

மரியாதையாகத்தான் கேட்டான். "இவருக்கு" என்றான். நான் சாட்சிக்காகக் காத்திருக்கிறோம் என்றேன். அவன் சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு யாரை வைத்துக்கொண்டு சண்டை போடுவேன்? அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், தலைக்கு ஐந்து தோட்டா. தோட்டாவால் அவர்கள் நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதால் நிற்கிறார்கள்.

எகெனே கரும்பலகையில் கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, என்னைத் திருத்தச் சொல்கிறான். வேண்டுமென்றே தப்புச் செய்கிறான், நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று. நேற்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

எனக்கு வழி தெரியவில்லை. உண்மையாகத் தெரியவில்லை.

மடூக்கா


1970 ஜனவரி 6
உமுசிகே

தம்பி,

இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். துரோகி என்று என்னைப் பிடித்துப் போகட்டும். போன கடிதத்தில் பயந்து பாதியை முழுங்கினேன். அந்தப் புத்தி இனி வேண்டாம்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். உணவு விமானங்கள் குறைந்துவிட்டன. கஞ்சித் தொட்டியை நேற்று பாதிதான் நிரப்பினோம். வெள்ளைக்காரப் பாதிரியார் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார். கர்னல் ஒருவரின் மனைவி தன் மெத்தைகளையும் தையல் மெஷினையும் லாரியில் ஏற்றி விமானதளம் பக்கம் போனதை ஊரே நின்று பார்த்தது. பெரிய மனிதர்களின் மெத்தை கிளம்பிவிட்டது மடூக்கா. இன்னும் எத்தனை நாள் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், வாத்தியாராக இருந்தவன்தானே.

கதவைத் திறந்துவிடு என்று நான் கேட்கவில்லை. உன் ஆட்கள் முன்னால் உன்னால் முடியாது, சரி. பூட்டியே வை. சாட்சி வரவில்லை என்று சொல். கைதிக்குக் காய்ச்சல் என்று சொல். எழுதக் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல். உன் காவலிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இரு. எங்கேயும் அனுப்பாதே. நாள் கடந்தால் போதும்.

ஒனுவோஹாவின் மனைவியை நினைத்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை. அவள் முன்னால் நான் மண்டியிடத் தயார். ஆனால் அவளுக்குச் சமமாக நானும் அழ வேண்டும் என்பது நியாயம் ஆகாது.

துணியில் முடிந்திருப்பது உப்பு. அவனுக்குக் கொடு. நீயும் கொஞ்சம் நக்கிக்கொள்.

அக்கா


1970 ஜனவரி 8, காலை

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். அதிகாலையிலிருந்து ஷெல் விழுகிறது. நைஜீரியப் படை ஆபா சாலையில் கவச வண்டிகளோடு வருகிறது. இந்தமுறை அவர்கள் நிற்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

உன்னிடமிருந்து அதற்குப் பின் கடிதம் எதுவும் வரவில்லை. 31ஆம் தேதி எழுதியதுதான் கையில் இருக்கிறது. அதன்படியே செய்துவிட்டேன். நான் நீதிபதியாக உட்காரவில்லை. எகெனேயை இன்று விடிந்ததும் இரண்டு ராணுவப் போலீஸோடு மேஜர் அகோமோவிடம் அனுப்பிவிட்டேன். குற்றம் நடந்தது அவர் பிரிவில், விசாரிக்க வேண்டியவரும் அவர்தான். தேவாலயத்துக்குத் தவறாமல் போகிற மனிதர், நிதானமானவர். வயதையும் அம்மாவைத் தேடிப் போன காரணத்தையும் விளக்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

என் கை அவன் மேல் படவில்லை. அப்பா இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார். போகும்போது சந்தோஷமாகத்தான் போனான்.

ஓவெரி விழுந்தால் நீ வடக்கே நகராதே. இருக்கிற இடத்திலேயே இரு.

மடூக்கா


1970 ஜனவரி 25
உமுசிகே

மடூக்கா,

நீ போர்ட் ஹார்கோர்ட்டில் அதிகாரிகள் முகாமில் அடைபட்டிருப்பதாக உன் கம்பெனிக்காரன் ஒருவன் சொன்னான். செஞ்சிலுவைக்காரப் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது. 12ஆம் தேதி வானொலியில் சரணடைகிறோம் என்று அறிவித்தபோது நான் கஞ்சித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டாராம். பியாஃப்ரா என்று ஒரு நாடு இருந்தது, மதியம் இரண்டு மணிக்கு இல்லை. யாரும் அழவில்லை. சாயங்காலம் சாலை முழுக்க நம் சிப்பாய்கள். சீருடையைக் கழற்றிப் புதரில் எறிந்துவிட்டு உள்ளாடையோடு நடந்தார்கள். பெண்கள் தங்கள் மேல்துணியை அவிழ்த்துக் கொடுத்தார்கள். நான் இரண்டு கொடுத்தேன்.

இப்போது ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் காலை வணக்கம் சொல்வதில்லை. உயிர் பிழைத்ததற்கு வாழ்த்து என்கிறார்கள். செத்துவிட்டான் என்று நினைத்து ஒப்பாரி வைத்து முடித்த மகன்கள்கூட வந்துகொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு நிக்கெச்சிக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் தினமும் சாலை ஓரத்தில் நின்று, அகோமோ பிரிவா, அகோமோ பிரிவா என்று கேட்கிறேன். தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். தெரியாதவர்கள்தான் நின்று பேசுகிறார்கள்.

இன்னொன்று. சில்வனஸ் வந்திருந்தான். என் 6ஆம் தேதிக் கடிதத்தையும் உப்பையும் 7ஆம் தேதி மாலை உன் கையிலேயே கொடுத்தானாம். தன் அம்மா மேல் சத்தியம் செய்கிறான். அந்தக் கடிதம் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாய். குண்டு விழுகிற நேரத்தில் யாருக்கு எது நினைவிருக்கும். அவனும் குடிக்கிறவன். உங்களில் யார் சொல்வது நிஜம் என்று நான் கேட்கவில்லை.

எகெனே எங்கே? அதை மட்டும் சொல்.

ஓபியோமா


1970 பிப்ரவரி 18
போர்ட் ஹார்கோர்ட்

அக்கா,

இதை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். எகெனே இல்லை. ஜனவரி 10ஆம் தேதி, சனிக்கிழமை மதியம். சரணடைவதற்கு இரண்டு நாள் முன்னால்.

எனக்கே போன வாரம்தான் தெரியும். மேஜர் அகோமோவும் இதே முகாமில்தான் இருக்கிறார். சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தார். "ஆமா, நீங்க அனுப்புன பையன். நாங்க பின்வாங்கிட்டிருந்தோம், கைதிங்கள ஏத்த வண்டி இல்ல. அவிழ்த்துவிட்டா மத்தவனும் ஓடுவான். மூணு பேர அங்கேயே முடிச்சோம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன வச்சிக்க வேணாம்னுதானே கேப்டன் நீங்க அனுப்புனீங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தைப் படிக்க நேரமில்லையாம்.

என்னிடமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன், நீ எப்படியும் கேட்பாய். 8ஆம் தேதி பத்து மணிக்கு எங்கள் முன்வரிசை உடைந்தது. மதகடியில் வைத்திருந்த ஒரே கண்ணிவெடி முதல் கவச வண்டியை நிறுத்தியது. பின்னால் வந்த ஐந்து வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தன. அரை மணியில் தோட்டா தீர்ந்துவிட்டது. மரவள்ளிக் காட்டுக்குள் ஓடினோம். ஒனுவோஹாவின் தம்பி என் பக்கத்தில் விழுந்தான். தண்ணீர் கேட்டான், என்னிடம் இல்லை. அதற்குப் பின் யாரையும் விசாரிக்க ஒரு பள்ளிக்கூடமும் இல்லை, கம்பெனியும் இல்லை. யாரும் அவனைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார்கள். எங்களோடு ஓடி வந்திருப்பான்.

12ஆம் தேதி ஒரு தேவாலயத்தில் வானொலியைக் கேட்டபோது பத்தொன்பது பேர் மீதி. துப்பாக்கிகளைப் படிக்கட்டில் குவித்தோம். வந்த நைஜீரிய லெப்டினன்டுக்கு எகெனே வயதுதான் இருக்கும். துப்பாக்கிகளை எண்ணவே இல்லை. "சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டு ஒரு மீன் டப்பாவைத் திறந்து நீட்டினான். எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

இனி நிஜம். சில்வனஸ் குடிக்கிறவன்தான், ஆனால் பொய் சொல்லவில்லை. உன் கடிதம் 7ஆம் தேதி மாலை வந்தது. இரண்டு முறை படித்தேன். எங்கேயும் அனுப்பாதே என்ற வரி என் சட்டைப்பையில் இருக்கும்போதே அவனை அனுப்பினேன். ஒனுவோஹாவின் தம்பி மேல் பழியைப் போட மாட்டேன், அவன் அதற்குப் பின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சட்டத்துக்கும் பயந்தேன், மண்ணுக்கும் பயந்தேன். இரண்டிலிருந்தும் நான் தப்ப உன் முதல் கடிதம் வசதியாக இருந்தது. எகெனே தப்ப இரண்டாவது கடிதம் இருந்தது. நான் முதலாவதை வைத்துக்கொண்டேன்.

சந்தோஷமாகப் போனான் என்று எழுதியதும் பொய். வண்டியில் ஏறும்வரை உன்னிடம்தான் அனுப்புகிறேன் என்று நினைத்திருந்தான். வண்டி தெற்கே திரும்பியதும் எழுந்து நின்று, "மாமா, நீங்க வரலயா?" என்று கூப்பிட்டான். நான் உள்ளே போய்விட்டேன்.

இடம்: உமுஎகே நீதிமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி. மூவரும் ஒரே குழியில்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

மடூக்கா


1970 மார்ச் 30
உமுசிகே

மடூக்கா,

போய்விட்டு வந்தேன். நிக்கெச்சியும் அவள் மகன்களும் கூட வந்தார்கள். தோண்டியதில் இரண்டாவது அவன். சிறுவயதில் உடைந்த முன்பல்லை வைத்துத் தெரிந்துகொண்டேன். மற்ற இருவரையும் சரியாகக் கிடத்தி மூடிவிட்டு, இவனைப் பாயில் சுருட்டி, இரண்டு நாள் நடந்து கொண்டுவந்தோம். வழியில் நைஜீரியச் சாவடியில் பாயைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்துக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்கள். அவன் அப்பாவுக்குக் குழி கிடையாது, கானோவில் என்ன செய்தார்களோ. அதனால் அவர் வீட்டு முற்றத்தில் இவனுக்கு நடு இடம் கொடுத்தார்கள்.

உன்னைத் திட்ட நிறைய எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. என் பங்கும் எனக்குத் தெரியும். பிள்ளையை விடு என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிடித்துப் போவார்கள் என்று பயந்து, கை, மண், அப்பா என்று சுற்றி வளைத்தேன். உனக்கு ஒளிந்துகொள்ள இடம் செய்து கொடுத்தவள் நான். முதல் கடிதத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே போன அந்த ஆறு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்தன்று அவன் அப்பா வழிப் பெரியவர்கள் எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பையன் தாய்மாமனிடம் போய்ச் சேர்ந்தான் என்று சில்வனஸ் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். கடைசிவரை மாமன் காவலில் இருந்தான், எதிரி ஷெல் இருவரையும் பிரித்துவிட்டது, அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முகாமில் இருக்கும் அதிகாரிகளை அடுத்த மாதம் விடுகிறார்களாம். நீ ஊருக்கு வந்ததும் அவர்கள் எல்லோரும் உன்னைப் பார்க்க வருகிறார்கள். போர் தின்றது போக ஊரில் மீதி இருப்பது ஒரே ஆடு. அதை ஓட்டிக்கொண்டு, கள்ளும் எடுத்துக்கொண்டு, எங்கள் பிள்ளையைக் காத்தவர் என்று உனக்கு நன்றி சொல்ல வருகிறார்கள். கிழவர்கள் உன் முன்னால் தலை குனிவார்கள்.

நானும் அவர்களோடு வருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த ஆட்டுக் கயிற்றை நீ கையில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது நடந்ததைச் சொல்லலாம். முடிவு உன்னுடையது. இந்த முறை அகோமோவிடம் அனுப்ப முடியாது.

எகெனேயின் அம்மா